சாரம் இழந்த அறிவு: ‘இன்ஃபாச்சுவேஷன்’ வந்த வழி

பதினாறு வயதுப் பிள்ளை யாரையோ விரும்புகிறது என்று தெரிந்தால் வீட்டில் பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “இது காதலே இல்லை, வெறும் இன்ஃபாச்சுவேஷன்.” சினிமா வசனத்தில் வருகிறது, வார இதழ்களின் கேள்வி-பதில் பகுதியில் வருகிறது, கல்லூரி விடுதிகளில் தோழிகள் ஒருவருக்கொருவர் சொல்லும் அறிவுரையிலும் வருகிறது. தமிழில் இதற்கு ‘இனக்கவர்ச்சி’ என்றொரு சொல்லை வழக்கத்தில் வைத்திருக்கிறோம். அந்தச் சொல் பழியை வயதின் மீதும் உடலின் மீதும் போட்டுவிடுகிறது. பிள்ளை வளர்ந்தால் தானே சரியாகிவிடும் என்கிற ஆறுதலும் அதற்குள் இருக்கிறது.

ஆங்கிலச் சொல்லின் வரலாற்றைத் தோண்டினால் அங்கே வயதைப் பற்றிய பேச்சே கிடையாது. தொடக்கத்தில் காதலும் கிடையாது. சுவையற்ற கீரை இருக்கிறது, சாரம் போன உப்பு இருக்கிறது, நல்ல ஆலோசனையைக் கேட்டும் கெட்டுப்போன ஓர் அரசகுமாரன் இருக்கிறான். காதலர்கள் இந்தச் சொல்லுக்குள் குடிவந்தது மிகப் பின்னால்தான். எதற்காகப் பிறந்த சொல் என்று தெரிந்துகொண்டால், அதை யார் மீது, எப்போது பயன்படுத்துவது நியாயம் என்பதும் தெளிவாகும்.

சொல்லின் நடுவில் இருப்பது ‘ஃபதுவுஸ்’ என்ற இலத்தீன் பெயரடை. அறிவு மழுங்கிய, அசடான என்று பொருள். அதன் முன்னால் ‘இன்’ என்ற முன்னொட்டைச் சேர்த்து ‘இன்ஃபதுவாரே’ என்று வினையாக்கினார்கள்: ஒருவரை அசடாக்குவது, பேதையாக்குவது. ‘இன்’ என்பது இலத்தீனில் சில இடங்களில் எதிர்மறையைக் குறிக்கும். இங்கே ஒரு நிலைக்குள் தள்ளுவதைக் குறிக்கிறது. அந்த வினையிலிருந்து வந்த பெயர்ச்சொல்தான் இன்ஃபாச்சுவேஷன். அசட்டுத்தனமான பேச்சைக் குறிக்கும் ‘ஃபாச்சுவஸ்’ என்ற ஆங்கிலச் சொல் இதன் உடன்பிறப்பு. ஒலி ஒற்றுமையால் சிலருக்கு நினைவு வரக்கூடிய ‘ஃபத்வா’ அரபு வேரிலிருந்து வந்தது. அதற்கும் இதற்கும் உறவில்லை.

ஃபதுவுஸ் என்ற சொல்லை ரோமானியர்கள் மனிதர்களுக்கு மட்டும் சொல்லவில்லை, உணவுக்கும் சொன்னார்கள். கி.பி. முதல் நூற்றாண்டுக் கவிஞர் மார்ஷியல், தொழிலாளிகள் மதிய உணவாகத் தின்னும் பீட் கீரையை இந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்: சப்பென்று இருப்பது, மிளகும் மதுவும் சேர்த்தால்தான் வாயில் வைக்க முடியும் என்பது அவர் கருத்து. நாக்குக்கும் அறிவுக்கும் இலத்தீன் மொழி போட்ட முடிச்சு இந்த ஓர் இடத்தோடு நிற்பதில்லை. சுவைப்பதற்கும் அறிவதற்கும் அங்கே ஒரே வினைதான்: ‘சபெரே’. மனித இனத்துக்கு அறிவியல் வைத்த ‘ஹோமோ சேப்பியன்ஸ்’ என்ற பெயரில் இருப்பதும் அதுவே. சுவை அறிபவன் என்ற பழம்பொருள் அதன் அடியில் கிடக்கிறது. சுவையற்றதைக் குறிக்கும் ‘இன்சிப்பிட்’ என்ற சொல்லும் அதே வேரில் வந்தது. உப்பைக் குறிக்கும் ‘சால்’ என்ற சொல்லுக்கு நயமான அறிவு, நகைத்திறன் என்றும் பொருள் உண்டு. உப்புப் போடாதது என்று பொருள்படும் ‘இன்சுல்சுஸ்’ அசடனையும் குறித்தது. நாமும் உப்புச் சப்பில்லாத பேச்சு என்கிறோம். இலத்தீனில் அது மரபுத்தொடராக நிற்காமல் மொழியின் அடித்தளத்திலேயே ஊறியிருக்கிறது. எது நல்லது, எது கெட்டது, எது உப்பு, எது புளிப்பு என்று பிரித்தறியும் ஆற்றலே அறிவு என்று அந்த மொழி கருதியது.

ஃபதுவுஸ் என்ற சொல்லின் வேர் எது என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. அடித்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது, அதாவது தலையில் அடிபட்டவன் என்பது ஒரு கட்சி. பேசுதல் என்ற பொருளுள்ள ‘ஃபாரி’ என்ற வினையின் குடும்பம் என்பது மற்றொன்று. இரண்டாவது சரியென்றால் விதியைக் குறிக்கும் ‘ஃபேட்’, புகழைக் குறிக்கும் ‘ஃபேம்’, கட்டுக்கதையைக் குறிக்கும் ‘ஃபேபிள்’ ஆகியவை எல்லாம் இதற்கு உறவினர். ரோமானியரின் பழங்கதை ஒன்று இதற்குத் துணை நிற்கிறது. ஃபாவுனுஸ் என்ற காட்டுத் தெய்வத்தின் மனைவி பெயர் ஃபதுவா. அவள் மீது தெய்வம் இறங்க, வெறிகொண்டவள்போல் வருங்காலத்தைச் சொல்வாளாம். அருள் வந்து பேசுவதைக் குறிக்கும் வினை அவள் பெயரிலிருந்து வந்தது என்று வரலாற்றாசிரியர் ஜஸ்டின் எழுதியிருக்கிறார். சாமியாடியின் சொல்லும் சித்தம் கலங்கியவரின் சொல்லும் கேட்பவர் காதில் ஒன்றுபோல் ஒலிக்கக்கூடும் என்பதை நம் ஊர்க் கோயில் கொடைகளைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

செல்வர் வீடுகளில் வேடிக்கைக்காக வைத்திருந்த அறிவு குறைந்தவர்களுக்கும் ரோமில் இதே சொல்தான் பெயர். தத்துவஞானி செனெகா தன் நண்பர் லூசிலியுஸுக்கு எழுதிய 50-ஆவது கடிதத்தில் ஹார்ப்பஸ்தே என்ற ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறார். அவர் மனைவிக்கு உரியவளாய் அவர் வீட்டில் இருந்த ஃபதுவா அவள்; பரம்பரைச் சொத்தோடு சொத்தாக வந்து சேர்ந்த பொறுப்பு. அந்தப் பெண்ணுக்குத் திடீரென்று கண் தெரியாமல் போய்விட்டது. ஆனால் தனக்குக் கண் தெரியவில்லை என்பது அவளுக்குத் தெரியவில்லை. வீடு இருட்டாக இருக்கிறது, வேறு வீட்டுக்கு அழைத்துப் போ என்று தன்னைக் கவனித்துக்கொள்பவரிடம் அடிக்கடி கேட்டுக்கொண்டிருந்தாள். இதைச் சொல்லிவிட்டு செனெகா அவளைப் பார்த்துச் சிரிப்பதோடு நிற்கவில்லை. நம் எல்லோருக்கும் நடப்பது இதுதான் என்கிறார். பேராசைக்காரன் தன் பேராசையை உணர்வதில்லை, ஊர் அப்படி, காலம் அப்படி என்று வெளியே காரணம் காட்டுகிறான். பார்வையற்றவராவது வழிகாட்டியைத் தேடுவார். நாம் வழிகாட்டியும் இல்லாமல் அலைகிறோம்.

எனக்கு இந்தக் கடிதம் சொல்லின் முழுப் பொருளையும் திறந்து காட்டுவதாகத் தோன்றுகிறது. ஃபதுவுஸ் என்ற நிலையின் கொடுமை, அறிவு குறைவதில் பாதி. குறைந்தது தெரியாமல் போவதில் மீதி. பார்வை போனவருக்கு வீடு இருண்டதாகத் தெரிகிறது. மதிப்பிடும் ஆற்றல் போனவருக்கு உலகமே மாறிவிட்டதுபோல் தெரிகிறது.

இனி உப்புக்கு வருவோம். மலைப்பிரசங்கத்தில், சாரம் அற்றுப்போன உப்பு எதற்கு உதவும் என்று இயேசு கேட்கும் இடம் கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கும் தெரிந்ததே. மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் வரும் வினை வியப்பானது. சுவை போனால் என்று பொருள் கொள்ளும் அந்தச் சொல், ‘மோரோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. மோரோஸ் என்றால் மூடன். 1910-இல் ஹென்றி கோடார்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கிய ‘மோரான்’ என்ற சொல்லுக்கும் அதுவே மூலம். ஆக, கிரேக்கத்தில் உப்பு சொல்லுக்குச் சொல் ‘மூடமாகிறது’. பழைய இலத்தீன் மொழிபெயர்ப்பாளர்கள் இதைச் சரியாகப் பிடித்து, ‘இன்ஃபதுவாரே’ என்ற வினையாலேயே பெயர்த்தார்கள். புனித அகுஸ்தீன் மலைப்பிரசங்கத்துக்கு உரை எழுதியபோது இந்த வடிவத்தைத்தான் கையாண்டார். நம் சொல்லுக்கு ஆட்பட்ட பழைய பொருள்களில் ஒன்று, ஒரு கல் உப்பு!

உப்பு எப்படிச் சாரம் இழக்கும் என்று கேட்கலாம். சாக்கடல் கரையில் வாரிய உப்பு தூய்மையானதன்று. ஜிப்சம் முதலிய கனிமங்கள் கலந்தது. ஈரம் பட்டுப் பட்டு உண்மையான உப்பு கரைந்து வெளியேறிவிட்டால் வெள்ளைப்பொடி மட்டும் மிஞ்சும் என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். பார்வைக்கு அது உப்பேதான். நாக்கில் வைத்தால்தான் தெரியும்.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் வினை வடிவில் வந்தது 1530-களில். அப்போது அதற்கு ஒரு திட்டத்தை, ஓர் ஆலோசனையை மடமையாக்கிக் குலைப்பது என்று பொருள். இந்தப் பொருளின் ஊற்று இரண்டாம் சாமுவேல் ஆகமம். மகன் அப்சலோம் கிளர்ந்தெழுந்ததால் அரசர் தாவீது எருசலேமை விட்டு ஓடுகிறார். தலையை மூடிக்கொண்டு, வெறுங்காலோடு, அழுதபடி ஒலிவ மலையில் ஏறும்போது, தன் பேராலோசகர் அகித்தோப்பேலும் எதிரியோடு சேர்ந்துவிட்டார் என்று செய்தி வருகிறது. அகித்தோப்பேல் சொல்வது கடவுளிடமே கேட்டு அறிந்ததுபோல் இருக்கும் என்று பெயர் பெற்றவர். அவருடைய ஆலோசனையை மடமையாக்கிவிடும் என்று தாவீது கடவுளை வேண்டுகிறார். ஜெரோமின் இலத்தீன் பைபிளில் இங்கே வருவது ‘இன்ஃபதுவா’ என்ற ஏவல் வினை. 1609–10-இல் டூவே நகரில் கத்தோலிக்கர் வெளியிட்ட ஆங்கிலப் பழைய ஏற்பாட்டிலும் அதே வினை ஆங்கில உருவில் நிற்கிறது.

பிறகு நடந்தது கவனிக்கத்தக்கது. அகித்தோப்பேல் தவறான ஆலோசனை எதையும் சொல்லவில்லை. பன்னிரண்டாயிரம் பேரோடு இன்றிரவே துரத்தினால் களைத்திருக்கும் தாவீதைப் பிடித்துவிடலாம் என்கிறார். போர் நோக்கில் அது மிகச் சரி. தாவீதின் ஆளான ஊசாய், அவசரப்படாமல் பெரும்படை திரட்டலாம் என்று இனிக்க இனிக்கப் பேசுகிறார். அப்சலோமுக்கு அதுதான் பிடிக்கிறது. தன் சொல் ஏறவில்லை என்று கண்ட அகித்தோப்பேல் கழுதைமேல் சேணம் வைத்து ஊருக்குப் போய், வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்திவிட்டு உயிரை மாய்த்துக்கொள்கிறார். மடமையானது ஆலோசனையன்று, அதைக் கேட்ட காது. நல்ல சொல்லுக்கும் இனிக்கும் சொல்லுக்கும் வேறுபாடு தெரியாமல் போன அந்த நிலைதான் ஆங்கிலத்தில் இந்தச் சொல் முதலில் குறித்த நிலை.

ஊழ் பற்றிய அதிகாரத்தில் வள்ளுவர் இதே செய்தியைச் சொல்லியிருக்கிறார். இழக்க வேண்டிய காலம் வந்தால் ஊழ் ஒருவனைப் பேதைப்படுக்கும் என்பது 372-ஆம் குறளின் கருத்து. அந்த வினையும் இன்ஃபதுவாரே என்ற வினையும் ஒன்றுக்கொன்று அச்சில் வார்த்தாற்போல் பொருந்துகின்றன. பேதைமை என்றால் என்ன என்றும் வள்ளுவர் 831-ஆம் குறளில் சொல்லிவிடுகிறார்: கெடுப்பதைக் கையில் வைத்துக்கொண்டு ஆக்கம் தருவதைக் கைவிடுவது. படிப்பில்லாமையை அவர் பேசவில்லை. தேர்வு தவறுவதைப் பேசுகிறார்.

17-ஆம் நூற்றாண்டில்தான் காதலர்கள் இந்தச் சொல்லின் எல்லைக்குள் வருகிறார்கள். 1620-களில் வினைச்சொல் அசட்டுக் காதலைக் குறிக்கத் தொடங்கியது. 1640-களில் இன்ஃபாச்சுவேஷன் என்ற பெயர்ச்சொல் புழக்கத்துக்கு வந்தது. காதல் வந்த பிறகும் அரசியல் போகவில்லை. அடுத்த இரு நூற்றாண்டுகளில் பிடிவாதமான அமைச்சரவைகளையும் வீண்போரில் இறங்கும் நாடுகளையும் கண்டிக்க எழுத்தாளர்கள் இதே சொல்லைத்தான் எடுத்தார்கள்.

அசட்டுத்தனத்திலிருந்து அன்புக்கு நடந்த சொல் ஆங்கிலத்தில் இது ஒன்று மட்டுமன்று. பிரியத்தைக் குறிக்கும் ‘ஃபாண்ட்’ என்ற இன்றைய மென்மையான சொல், 14-ஆம் நூற்றாண்டில் பைத்தியக்காரத்தனமான, மூடத்தனமான என்று பொருள்பட்டது. ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’ நாடகத்திலும் அது அசட்டுத்தனத்தைக் குறிக்கும். அதன் மூலவினைக்குச் சுவை இழப்பது என்றும் ஒரு பொருள் இருந்தது. 1380 வாக்கில், ஜான் விக்ளிஃப் பெயரில் வழங்கும் எழுத்தில், மலைப்பிரசங்கத்து உப்பு சாரம் கெடுவதைச் சொல்ல இந்தச் சொல்லே வந்திருக்கிறது. இலத்தீனோடு உறவில்லாத சொல்லும் அதே உப்பைத் தொட்டு, அதே மடமையைத் தாண்டி, அதே அன்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கண்மூடித்தனமாக அன்பு வைப்பதைக் குறிக்கும் ‘டோட்’ முதலில் புத்தி தடுமாறுவதைக் குறித்தது. முதுமையில் வரும் தடுமாற்றத்துக்கு ‘டோட்டேஜ்’ என்ற சொல் இன்றும் உண்டு. காதலில் மூழ்கிப் போனவரைச் சொல்லும் ‘பிசாட்டட்’ என்ற சொல்லில் இருப்பதும் மூடன் என்று பொருள்பட்ட ‘சாட்’தான்.

நம் பக்கமும் இந்தப் பாதை தெரிந்ததே. மோகம், மோகினி, மூடன் மூன்றுக்கும் சமஸ்கிருதத்தில் வேர் ஒன்றே. திகைப்பது, மயங்குவது என்பது அதன் பொருள். தமிழ் மையல் என்பதும் காதல் மயக்கத்தையும் பித்தையும் யானையின் மதத்தையும் சேர்த்தே குறித்தது.

சொல்லின் கிளைகள் பிற மொழிகளில் வேறு திசையிலும் போயிருக்கின்றன. பிரெஞ்சில் இதே வினையின் வழிவந்த சொல்லைத் தன்னைத்தானே மெச்சிக்கொள்பவருக்குச் சொல்வார்கள். அங்கே மயக்கம் பிறர் மேல் இல்லை, தன் மேல். நிறம் மங்குவதைச் சொல்லும் ஆங்கில ‘ஃபேடு’, சப்பென்ற என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி ஃபதுவுஸ் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது அகராதிகள் பலவற்றின் கருத்து. சதுப்பு நிலங்களில் இரவில் மினுங்கி, பின்தொடர்பவரைச் சேற்றில் இறக்கிவிடும் என்று ஐரோப்பியர் அஞ்சிய வெளிச்சத்துக்கு ‘இக்னிஸ் ஃபதுவுஸ்’ என்று பெயர்: பேதைத் தீ. நம் கிராமங்களில் கொள்ளிவாய்ப் பிசாசு என்று சொல்வது இதைத்தான்.

இந்தச் சொல்லில் இலக்கணமும் ஒரு செய்தி சொல்கிறது. ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் செயப்பாட்டு வினையாகவே வரும். ஒருவர் இதைச் செய்வதில்லை. அவருக்கு இது செய்யப்படுகிறது. அப்படியானால் செய்தது யார்? தாவீதின் வேண்டுதலில் செய்பவர் கடவுள். வள்ளுவரிடம் ஊழ். ஷேக்ஸ்பியரின் ‘ஒரு கோடை இரவுக் கனவு’ நாடகத்தில் கண்ணிமையில் பிழிந்த பூச்சாறு; அதன் வேகத்தில் தேவதைகளின் அரசி டைட்டானியா, கழுதைத் தலையோடு நிற்கும் நெசவாளி மேல் உயிரை விடுகிறாள். 20-ஆம் நூற்றாண்டில் செய்பவரின் இடத்தில் உளவியலும் மூளையும் வந்து உட்கார்ந்தன.

1970-களில் டாரதி டென்னோவ் என்ற அமெரிக்க உளவியலாளர், ஒருவரையே இடைவிடாமல் நினைத்து உருகும் நிலைக்கு இன்ஃபாச்சுவேஷன் என்ற சொல்லைப் பயன்படுத்த மறுத்து, ‘லிமரன்ஸ்’ என்று புதுச்சொல்லை உருவாக்கினார். அதற்கு வேரும் இல்லை, வரலாறும் இல்லை. எந்தப் பழியும் ஒட்டாத சொல்லாக வேண்டுமென்றே படைத்தார். 1986-இல் ராபர்ட் ஸ்டெர்ன்பர்க் காதலை மூன்று கூறுகளாகப் பிரித்தார்: நெருக்கம், வேட்கை, உறுதிப்பாடு. வேட்கை மட்டும் தனித்து நின்றால் அது இன்ஃபாச்சுவேஷன். நெருக்கம் இல்லாமல் வேட்கையோடு உறுதிப்பாடு மட்டும் சேர்ந்துகொண்டால், அதாவது ஒருவரை ஒருவர் அறியும் முன்பே வேகத்தில் திருமணம் வரை போனால், அதற்கு அவர் வைத்த பெயர் ‘ஃபாச்சுவஸ் லவ்’. இரண்டு பெயரிலும் பழைய ஃபதுவுஸ் இருக்கிறது. இரண்டாவது வகை பதின்வயதினருக்கு உரியது என்று யாரும் சொல்ல முடியாது. பெரியவர்கள் கூடி மணமேடை வரை கொண்டுபோகும் உறவுகளும் அதற்குள் அடங்கக்கூடும்.

2004-இல் ஆந்திரியாஸ் பார்ட்டெல்ஸ், செமிர் செக்கி இருவரும் வெளியிட்ட மூளை ஆய்வு இந்தப் பழஞ்சொல்லுக்கு எதிர்பாராத துணையாக அமைந்தது. அன்புக்குரியவரின் படத்தைப் பார்க்கும்போது, எதிர்மறை உணர்ச்சிகளோடும் பிறரை எடைபோடுவதோடும் தொடர்புடைய மூளைப்பகுதிகளின் செயல் தணிவதை அவர்கள் கண்டார்கள். காதலரிடம் மட்டும் இல்லை, பிள்ளையின் படத்தைப் பார்த்த தாய்மாரிடமும் அதே தணிவு. எடைபோடும் தராசு சற்று நேரம் ஓய்வெடுப்பது அன்பின் இந்த இரண்டு வடிவத்திலும் உள்ளது. தன் பிள்ளை தவறு செய்ததை நம்ப மறுக்கும் தாயும், விரும்பியவனின் குறையைக் காண மறுக்கும் பெண்ணும் இந்த வகையில் ஒரே நிலையில் நிற்கிறார்கள்.

அதனால்தான் இந்தச் சொல்லை இளையவர்களின் தலையில் மட்டும் சுமத்துவது தவறு என்கிறேன். அதன் பழைய ஆட்கள் அரசகுமாரர்கள், அமைச்சர்கள், நாடுகள். ஒரு தலைவர் சொன்னால் கேள்வி கேட்காமல் நம்பும் கூட்டம், ஒரு நடிகருக்காகச் சொந்த வேலையை விடும் ரசிகர், நஷ்டம் என்று தெரிந்த தொழிலில் கௌரவத்துக்காகப் பணத்தைக் கொட்டும் முதலாளி, மகனின் வேலைப் பெருமையில் மருமகளின் துயரத்தைக் காணாத குடும்பம்: எல்லாருக்கும் இந்தச் சொல் முழுமையாகப் பொருந்தும். பதினாறு வயதில் வரும் அன்பில் தெளிந்த அறிவும் இருக்கலாம். தான் விரும்பியவரின் முன்கோபத்தையும், அதைச் சகிக்க முடியுமா என்பதையும் யோசித்துப் பேசும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் போய் இன்ஃபாச்சுவேஷன் என்று முத்திரை குத்தினால், எடைபோடாமல் தீர்ப்பு சொல்வது நாமாகிவிடுகிறோம்.

அன்பும் அறிவும் ஒன்றையொன்று விரட்ட வேண்டியதில்லை. 1302-ஆம் குறளில் வள்ளுவர் காதலுக்குள்ளேயே உப்பை வைக்கிறார்: ஊடல் அளவான உப்பைப் போல, கொஞ்சம் மிகுந்தாலும் கெடும். குறையைக் கண்டு முகம் திருப்பவும், பிறகு அளவறிந்து திரும்பவும் தெரிந்த காதலில் சாரம் இருக்கிறது.

சொல்லின் வரலாறு நம் கையில் இரண்டு கேள்விகளைத் தருகிறது. பிடிக்காத உண்மையைச் சொல்பவரின் பேச்சை நம்மால் கடைசிவரை கேட்க முடிகிறதா? அப்சலோமால் முடியவில்லை. நமக்கு எதுவும் தெளிவாகத் தெரியாதபோது, வீடு இருட்டு என்கிறோமா, அல்லது நம் கண்ணைச் சோதித்துப் பார்க்கிறோமா? இரண்டுக்கும் நேர்மையாக விடை சொல்ல முடிந்தவரின் அன்பு எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் அது இன்ஃபாச்சுவேஷன் ஆகாது. சொல்ல முடியாதவர் அறுபது வயதில் பேரன் பேத்தி எடுத்திருந்தாலும் அந்தச் சொல்லுக்கு உரியவர்தான். பிள்ளைகளிடம் இந்தக் கேள்விகளைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. முதலில் நம்மிடம் கேட்டுக்கொண்டிருந்தால்.